இது முடியட்டும்

கிடங்கில் எல்லோரும் அவளை வண்டு மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். தரச் சோதகர் என்பது வேலையின் பெயர். காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு முழ நீளக் குழாய் ஊசியை எடுத்துக்கொண்டு மூட்டை அடுக்குகளுக்குள் நுழைவாள். மூட்டையின் வயிற்றில் ஊசியைச் சொருகி இழுத்தால் ஒரு கை கோதுமை வரும். அதைச் சல்லடையில் கொட்டிச் சலித்து, கீழே விழும் வண்டுகளை எண்ணி எழுத வேண்டும். மற்ற சோதகர்கள் எண்ணி முடித்ததும் வண்டுகளைச் செருப்பால் தேய்த்துவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். இவள் அவற்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தேதி எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொள்வாள்.

"மேடம், எங்களுக்கெல்லாம் வீட்டுல பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும். உங்களுக்கு வண்டுங்க காத்துக்கிட்டிருக்கு" என்பார் சுமைக்காரர்களின் மேஸ்திரி. அவர் கிண்டலில் விஷம் இருக்காது. அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

தார்ப்பாயால் மூட்டைகளை மூடி, உள்ளே விஷ மாத்திரை வைத்து, ஏழு நாள் புகை போட்ட பிறகும் சில வண்டுகள் சாவதில்லை. எந்தக் கிடங்கின் வண்டு எவ்வளவு விஷம் தாங்குகிறது, அந்தத் தாங்கும் சக்தி அதன் குஞ்சுகளுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. நாற்பது கிடங்குகளில் சேகரித்த வண்டுகள் வீட்டில் பீரோவுக்கு மேல் வரிசையாக, மாவும் ஈஸ்டும் தின்று பெருகிக்கொண்டிருந்தன. விடுமுறை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், அளந்த விஷக்காற்றில் அவற்றை வைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். கால் அசைந்தால் உயிர். அசையாவிட்டால் இல்லை. இப்படி ஏழு வருஷம். தொட்ட வண்டுகள் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபது வருஷம் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்பதால், உப்பு கேட்பதைக்கூடப் பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பான். ஒரே மகள், பதினொரு வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. கணவனின் அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பட்டாணிக்குச் சாயங்காலம் வரை துணை அவள்தான். அதற்காக அவளுக்கு இந்த வீட்டில் எதையும் சொல்லும் உரிமை இருந்தது. சொல்லவும் செய்வாள்.

அந்த வீட்டில் ஒரு வார்த்தை குடியேறியிருந்தது. இது முடியட்டும். சமையலறைக் கூரை ஒழுகினால், இது முடியட்டும், பார்க்கலாம். கணவனுக்கு முதுகு வலி, ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும். இது முடியட்டும். பட்டாணிக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை. முடியட்டும்டி செல்லம். முதலில் அவள்தான் சொன்னாள். பிறகு கணவன் சொன்னான். அப்புறம் பட்டாணியே சொல்ல ஆரம்பித்தாள். "அத்தை, எனக்குப் பிறந்தநாளுக்கு யாரையும் கூப்பிட வேணாம். அம்மாவுக்கு இது முடியட்டும்." அத்தைக்காரி அதைக் கேட்டு உதட்டைச் சுழிப்பாள். "ஆமா, முடியட்டும். உனக்குப் பேரன் பேத்தி எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. சுவரெல்லாம் ஈரம் பூத்தது. புட்டிகளில் பூஞ்சை பிடிக்காமல் பார்ப்பதே தனி வேலையாகிவிட்டது. அந்த ஈரத்தில்தான் அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அடுத்த மாசம் முப்பதாம் தேதி நான் ரிட்டயர் ஆகறேன்மா. அதுக்கப்புறம் என் கையெழுத்து செல்லாது. உனக்குப் புது வழிகாட்டி தேடணும். இந்தத் துறையில இப்ப இருக்கறவங்கள்ல வண்டைப் பத்தித் தெரிஞ்சவங்க யாரு? வர்றவர் முதல்லேர்ந்து ஆரம்பின்னு சொல்லுவார். நீட்டிப்பும் மூணு தடவை வாங்கியாச்சு. நாலாவது கிடையாது."

"ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்கு சார்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். முப்பதாம் தேதி, அஞ்சு மணி. அஞ்சு அஞ்சுக்கு வந்தாக்கூட அந்த ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க."

அன்றிலிருந்து நாற்பத்தோரு நாள். கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் பேனாவுமாக உட்கார்ந்தாள். வீட்டில் அடுப்பில் சோறு கொதிக்கும்போது சமையல் மேடையிலேயே மடிக்கணினியை வைத்துத் தட்டினாள். யார் என்ன சொன்னாலும் "ம்" என்றாள். எதற்கு ம் சொன்னோம் என்று பிறகு அவளுக்கே தெரியாது.

அந்த நாட்களில் ஒருநாள் பட்டாணியின் வகுப்பாசிரியை போன் செய்தாள்.

"பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பறதே இல்லைங்க. டிக்டேஷன் எழுதச் சொன்னா பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பாக்கறா. கேட்டா முழிக்கிறா. வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லை டீச்சர். கொஞ்சம் கனவு காணற பொண்ணு. மாசக் கடைசில நேர்ல வந்து பேசறேன். இப்ப ஒரு முக்கியமான வேலை..."

அன்று சாயங்காலம் மகளை நிறுத்தி, "டீச்சர் சொல்றதைக் கவனிக்க மாட்டியா நீ?" என்று கேட்டாள். பட்டாணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கவனிக்கிறேம்மா" என்றாள். அதோடு முடிந்தது. தொலைக்காட்சியை இவ்வளவு சத்தமாக வைக்காதே என்று அத்தை தலையில் குட்டினாள். தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை, லேசாக ஒரு கெட்ட வாடை. மழைக்காலத்துத் துணி வாடை என்று நினைத்து அவள் உறையை மாற்றினாள். மறு வாரமும் மாற்றினாள். புட்டிகளுக்காக வாங்கிவைத்த பஞ்சுச் சுருள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று ஒருதரம் யோசித்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். அத்தைக்காரிக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் பட்டாணியைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காலிச் சாக்குக் குவியலின் மேல் உட்காரவைத்து, கையில் வரைதாளைக் கொடுத்து, "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு நாலாவது அடுக்குக்குப் போனாள்.

பதினொரு மணிவாக்கில் கோதுமை லாரி வந்தது. வாசல் மேடையை நோக்கிப் பின்பக்கமாக வர ஆரம்பித்தது. லாரியின் எச்சரிக்கை மணி கூவியது. இறங்கி நின்ற கிளீனர், "வா, வா, வரட்டும், வரட்டும்" என்று கத்தினான். பட்டாணி அந்த நேரம் கழிவறைக்குப் போவதற்காகக் குடையை விரித்துக்கொண்டு குறுக்கே நடந்தாள். அவசரமில்லாமல், தண்ணீர்த் தேக்கங்களைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தபடி. கிளீனர் வீரிட்டான். சுமைக்காரர்கள் எல்லோரும் கத்தினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை.

மேஸ்திரி முதுகில் இருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தார். குழந்தையை இடுப்போடு தூக்கிக்கொண்டு பக்கத்துச் சுவரில் போய் மோதினார். குடை லாரிச் சக்கரத்துக்கு அடியில் போனது. மூட்டை வெடித்துக் கோதுமை தண்ணீரில் பரவியது.

அவள் ஓடி வந்தபோது பட்டாணி நடுங்கிக்கொண்டு நின்றாள். மேஸ்திரியின் முழங்கை உரிந்து ரத்தம்.

"கண்ணு தெரியாதா உனக்கு? லாரி வர்றது காதுல விழலையா?" என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மேஸ்திரி அவள் கையை விலக்கினார். "பிள்ளையைத் திட்டாதீங்க மேடம். கொஞ்சம் இப்படித் தள்ளி வாங்க." நாலு எட்டு தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார். "கோச்சுக்காதீங்க. அதுக்குக் காது கேக்கலை."

"மழை சத்தம்... தகரக் கூரை..."

"மழை இல்லை மேடம். காலைலேர்ந்து பாக்கறேன். பின்னாடி நின்னு டீ வேணுமா பாப்பான்னு மூணு தடவை கேட்டேன். முன்னாடி வந்து நின்னு கேட்டதும், வேணாம் மாமான்னு சொல்லுது. நீங்களே கூப்பிட்டுப் பாருங்க."

பட்டாணி அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, நசுங்கிய குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டாள். "பட்டாணி." இன்னும் ஓர் எட்டு முன்னால் போய்க் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்தது. கிடங்கில் இருந்த பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை குனிந்து குடைக்கம்பி ஒன்றைப் பொறுக்கினாள்.

காது டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, அதட்டலாகப் பேசுகிறவர். கருவியை இடது காதுக்குள் விட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உள்ளேயிருந்து அழுக்கேறிய பஞ்சு ஒன்றை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். அறையில் வாடை பரவியது. அவளுக்குத் தெரிந்த வாடை.

"எத்தனை மாசமா சீழ் வருது?"

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் அவளைப் பார்த்தான். டாக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த பட்டாணிதான் பதில் சொன்னாள். "போன வருஷம் ஸ்கூல் திறந்ததுலேர்ந்து."

"ஒன்றரை வருஷம்! நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா?" என்றார் டாக்டர். பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "நடுக்காதுக்குள்ள தோல் மாதிரி ஒண்ணு வளர்ந்து, எலும்பை அரிச்சுக்கிட்டே போயிருக்கு. இடது காதுல சத்தத்தைக் கடத்தற சின்ன எலும்புங்க ஒண்ணுமே இல்லை. அந்தக் காது திரும்பி வராது. இப்ப ஆபரேஷன் பண்றது காதுக்காக இல்லை, இது மூளைக்குப் போயிடக் கூடாதுங்கறதுக்காக. வலதுலயும் ஓட்டை விழுந்திருக்கு. அதைக் காப்பாத்தப் பாக்கலாம். மிஷின் வெச்சா பாதிக்கு மேல கேக்கும்."

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கணவன் கேட்டான். முதல்தடவையாக அவன் குரல் தணிந்திருந்தது.

"அதைக் கேட்டு இப்ப என்ன பண்ணப் போறீங்க? இருபத்தேழாம் தேதி ஆபரேஷன். முந்தின நாள் வந்து சேருங்க."

வெளியே வராண்டாவில் பெஞ்சு போட்டிருந்தது. மருந்து வாங்கக் கணவன் போய்விட்டான். அவள் மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏன்டி சொல்லலை? வலிச்சிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா."

"எப்ப?"

"மழைக்கு முன்னாடி. இந்த மழை இல்லை, போன வருஷ மழை. காதுல தண்ணி மாதிரி வருதுன்னு சொன்னேன். நீ புட்டி எண்ணிட்டிருந்த. 'இது முடியட்டும், டாக்டர்கிட்ட போலாம்'னு சொன்ன." பட்டாணி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். "இன்னும் முடியலைல்ல? அதான் பஞ்சு வெச்சுக்கிட்டேன்."

அவளுக்கு அது நினைவில்லை. போன வருஷ மழை, புட்டி எண்ணியது, மகள் பக்கத்தில் வந்து நின்றது, எதுவுமே நினைவில்லை. தேடித் தேடிப் பார்த்தாள். இருந்தது அந்த மாதம் எழுதிய பட்டியல்கள்தான். பதினேழாம் கிடங்கு, நூறு வண்டுகளில் முப்பத்தெட்டு பிழைத்தன. அது நன்றாக நினைவிருந்தது.

அன்று மாலை அத்தைக்காரி காய்ச்சலோடு எழுந்து வந்துவிட்டாள். சமையலறையில் நின்றுகொண்டே பேசினாள்.

"நான் அப்பவே சொன்னேன். குடும்பப் பொம்பளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு? வேலை இருக்கு, சம்பளம் வருது. வண்டு செத்தா என்ன, பிழைச்சா என்ன? இப்ப பொண்ணைப் பாரு."

"அண்ணி, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அவ உங்ககூடத்தானே இருந்தா?"

"என்மேல திருப்பாதே. பெத்தவ நீ."

"பெத்தவ நான்தான். இல்லைன்னு சொல்லலை."

கணவன் தட்டை நகர்த்திவைத்தான். சோறு அப்படியே இருந்தது. "நான் பேசினா அவளுக்குக் கேக்குதே! அதான் எனக்குத் தெரியலை."

"நீங்க பேசினா அடுத்த தெருவுக்கே கேக்கும்."

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். அத்தைக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"விட்டுடேன். பட்டம் இல்லாம நாம சோறு திங்கலையா?" என்றான் கணவன்.

"விட்டா அவ காது வந்துடுமா?"

"வராது. டாக்டர்தான் சொன்னாங்களே."

"அப்ப எதுக்கு விடணும்? இதுக்காக அவ ஒரு காதைக் குடுத்திருக்கா. யாரும் கேக்காமலே குடுத்திருக்கா. இப்ப நான் இதையும் தூக்கிப் போட்டா, அவ எதுக்குக் குடுத்தா? சொல்லுங்க. ஒண்ணுமில்லாததுக்கா?"

அவன் நகர்த்திய தட்டை எடுத்து மூடிவைத்தான். பிறகு, "தலையணை வாடை எனக்கும் தெரிஞ்சுது" என்றான். "ரெண்டு மாசமா தெரியும். நீ பாத்துப்பேன்னு நினைச்சேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவும் வாயெடுத்தாள். தனக்கும் அந்த வாடை தெரிந்துதானே இருந்தது என்று தோன்றியதும் துணியைத் தொட்டியில் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, கடைசி அத்தியாயத்தைத் திறந்து உட்கார்ந்தாள்.

ஆபரேஷன் நாலரை மணி நேரம் நடந்தது. பட்டாணியின் தலையில் பாதியை மழித்துப் பெரிய கட்டு போட்டிருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் வாந்தி எடுத்தாள். படுத்தபடி உலகமே சுற்றுகிறது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மடியில் காகிதங்களை வைத்து, அவள் மேற்கோள் பட்டியலைத் திருத்தினாள். முன்னூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியோ ஒரு காற்புள்ளியோ தப்பாக இருந்தது. இரண்டு வரிக்கு ஒருதரம் தலைநிமிர்ந்து மகள் முகத்தைப் பார்ப்பாள். எதிர்க் கட்டில் அம்மாள் தன் மருமகளிடம் ஏதோ சொன்னாள். மருமகள் இவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் அடுத்த மேற்கோளுக்குப் போனாள்.

இருபத்தொன்பதாம் தேதி அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கணவன் விடுப்பு போட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். அத்தைக்காரி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "போ போ. வண்டுங்க காத்துக்கிட்டிருக்கும்" என்றாள்.

பட்டாணி கண்ணைத் திறந்தாள். அம்மாவின் கையில் பையைப் பார்த்தாள். "போயிட்டு வாம்மா. முடிச்சுடு."

அந்த வார்த்தையோடு அவள் மாடிப்படி இறங்கினாள்.

அச்சகம் ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் ஐந்து பிரதிகளையும் அடித்துப் பக்கம் பக்கமாக அடுக்கி, அட்டை போட வேண்டியதுதான் பாக்கி என்று நீட்டினார். புரட்டிப் பார்த்தவள் நன்றியுரையில் நின்றாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதியது. பேராசிரியருக்கு நன்றி, கிடங்கு அதிகாரிகளுக்கு நன்றி, கணவருக்கு நன்றி. கடைசியில் ஒரு வரி: எதையும் கேட்காமல் பொறுமையாகக் காத்திருந்த என் மகளுக்கு.

"இந்தப் பக்கத்தை மாத்தணும்."

"எதுங்க? எழுத்துப் பிழையா?" கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "நல்லாத்தானே இருக்கு. இங்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க."

"கடைசி வரி வேணாம்."

"ஒரு வரிக்காக அஞ்சு காப்பியையும் பிரிக்கணும்மா. மெஷினை ஆஃப் பண்ணியாச்சு. கரண்ட் வேற போற மாதிரி இருக்கு. நாளைக்குக் குடுக்கணும்னு நீங்கதானே அவசரப்படுத்தினீங்க?"

அவள் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இயந்திரத்தைப் போட்டார். அந்த வரி இருந்த ஐந்து தாள்களையும் அவளே வாங்கி, நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, கூடையில் போட்டாள்.

முப்பதாம் தேதி நாலே முக்காலுக்குப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். புத்தகங்கள் பெட்டிகளில் ஏறியிருந்தன. "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார். "இருக்கா சார்" என்றாள். மாடிக்கும் கீழுக்குமாக ஓடி அலுவலகத்தில் சேர்த்தபோது எழுத்தர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். ஒவ்வொரு பிரதியாகப் புரட்டினார். "மூணாவது காப்பில துறைத்தலைவர் முத்திரை விழலையே. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு இல்லைங்க. இன்னிக்கு."

"அஞ்சு ஆகப் போகுதும்மா."

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "என் பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கா. அவகிட்ட முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். முடிக்காம இங்கேயிருந்து எந்திரிக்க மாட்டேன். நீங்க பூட்டிட்டுப் போங்க. நான் உள்ளேயே இருக்கேன்."

எழுத்தர் பூட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, பிரதியைத் தூக்கிக்கொண்டு அவரே துறைத்தலைவர் அறைக்கு நடந்தார். ரசீதில் நேரத்தை நாலு ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தார். சுவர்க் கடிகாரம் ஐந்து பத்தைக் காட்டியது.

ஐந்து மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல கேள்விகள் கேட்டார். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. பரிந்துரைக்கிறோம் என்று அவர் அறிவித்ததும் கைதட்டினார்கள். முன் வரிசையில் வலது காதில் கருவியோடு உட்கார்ந்திருந்த பட்டாணி சட்டென்று முகம் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டாள். கருவிக்குக் கைதட்டல் ஆகாது. கூட்டம் சேர்ந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து தலைக்குள் இடிக்கும் என்பாள். கணவன் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனான். அதனால் பேராசிரியர் கை குலுக்கியதும், மற்றவர்கள் முனைவர் என்று அழைத்ததும், யாரோ மிட்டாய் கொடுத்ததும் வீட்டார் இல்லாமல்தான் நடந்தன.

மத்தியானம் வீடு திரும்பினார்கள். கணவனுக்கு இரண்டு மணி ஷிப்ட். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "சந்தோஷம்தானே?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். இப்போதெல்லாம் அவனுக்கு மெதுவாகப் பேச வந்திருந்தது.

"தெரியலைங்க."

"எனக்கும் தெரியலை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

பட்டாணி உள்ளறையில் படுத்திருந்தாள். கருவியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வலது காதைத் தலையணையில் அழுத்தி, சுவர்ப் பக்கம் திரும்பி. சத்தம் வேண்டாம் என்று தோன்றும்போது அவள் அப்படித்தான் படுப்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பழக்கம். மேலே திரும்பிய காது கேட்காத காது. அதன் பின்னால் வளைந்து இறங்கிய தழும்பில் இன்னும் முடி முளைக்கவில்லை.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்று மகளின் முதுகிடம் சொன்னாள். ஐந்து மாதமாக வாய்வரை வந்து திரும்பிப் போன வார்த்தை. "நீ சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. பொய் சொல்லலை, நிஜமாவே இல்லை. அதுதான் என்னால தாங்க முடியலை. நீ வந்து சொல்லியிருக்க, நான் பதில்கூடச் சொல்லியிருக்கேன். ஆனா நான் அங்க இல்லவே இல்லை."

முதுகு ஏறி இறங்கியது. கேட்காது என்று தெரிந்துதான் பேசினாள். கேட்காது என்பதனால்தான் பேச முடிந்தது. அது அவளுக்கே உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

எழுந்தாள். கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி இழுத்தாள். கால்கள் தரையில் கிறீச்சிட்டன. அதிர்வில் பட்டாணி கண்ணைத் திறந்தாள். அவள் அந்த இடுக்கில் நுழைந்து, முதுகு சுவரில் உரச, மகளின் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் தன் வாயில் படுகிறதா என்று பார்த்து முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை இடையில் அழுகை வந்தது. உதடுகள் கோணின. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பட்டாணி தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல், புருவத்தைச் சுருக்கி, அவள் வாயையே பார்த்தபடி கடைசிவரை கிடந்தாள்.

பிறகு கையை நீட்டி அம்மாவின் முகவாயைத் துடைத்துவிட்டாள்.

"அழாம சொல்லும்மா. பாதிதான் புரிஞ்சுது."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.